முழுகாத சேதி

என் வீட்டுக்காரர் மறியலுக்கு, அதாவது ஜெயிலுக்கு, போனது ஒரு குடையால். களவு செய்து போயிருந்தால் வெளியே சொல்ல வெட்கமாக இருந்திருக்கும். குடையால் போனார் என்று சொல்லும்போது இன்றைக்கும் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

முப்பதுகளில் நடந்தது இது. புசல்லாவைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால் நாங்கள் கொழுந்து பறித்த தோட்டம். சொந்தக்காரர் சீமையில் எங்கோ இருந்தார். விடாமல் மழை பெய்த ஒரு நாள், தோட்டத்து ரோட்டில் வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தார். துரை வந்தால் எங்கள் ஆட்கள் குடையை மடக்கிவிட்டு ஓரமாக நிற்க வேண்டும், மழை எப்படிப் பெய்தாலும் சரி. என் வீட்டுக்காரர் ஓரமாக நின்றார். குடையை மடக்கவில்லை. அதைப் பார்த்துப் பெரிய கங்காணி ஓடி வந்து குடையைப் பிடுங்கினார். இவர் விடவில்லை. இழுத்த இழுப்பில் குடை இரண்டாக, கங்காணி ரோட்டோரச் சாக்கடைக் கானுக்குள். பிடுங்கியதும் கங்காணி, விழுந்ததும் கங்காணி, அடித்ததாக ஆறு மாதம் மறியல் கிடைத்தது இவருக்கு. "மழ பெய்யிறப்ப மடக்குறதுக்கா ஐயா கொட வாங்குறது?" என்று இவர் நீதவானிடமே கேட்டுவைத்தார். அதைக் கேட்காமல் இருந்திருந்தால் மூன்று மாதத்தோடு போயிருக்கும் என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள்.

கண்டிக் கோர்ட்டுப் படியில் வைத்துப் பொலிசார் இவரைக் கூட்டிக்கொண்டு போகும்போது நான் பின்னாலேயே ஓடினேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

"இந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நான் இனிமே அந்த லயத்துக்கு வரமாட்டேன். வெளிய விட்டதும் கப்பலேறி ஊருக்குப் போயிருவேன். நீ ஒங்கண்ணன் வீட்டுக்குப் போயிரு புள்ள" என்றார்.

லயம் என்றால் தோட்டத்தில் எங்களுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடு. ஊர் என்றால் இந்தியா. என் அண்ணன் கலகெதரப் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்காரர் சொன்னால் சொன்னதைச் செய்கிற ஆள். குடை விஷயத்திலேயே அது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அழுகையை விட ஆத்திரம்தான் வந்தது. ரோஷம் இவருக்கு, தனியாகக் கிடந்து சாவது நானா?

அவர் உள்ளே போய்க் கொஞ்ச நாளிலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கலியாணமாகி நாலு வருஷம் எட்டிப் பார்க்காத பிள்ளை, அப்பன் மறியலுக்குப் போகட்டும் என்று காத்திருந்ததுபோல வந்து வயிற்றில் உட்கார்ந்துவிட்டது. கோயில் கோயிலாக ஏறி இறங்கியவர் இவர். இந்தச் சேதி காதில் விழுந்தால் கப்பலேற மாட்டார், விழாவிட்டால் ஏறிவிடுவார். ஆகவே எப்படியாவது அவரிடம் சொல்லிவிட வேண்டும். சொல்வதற்கு என்ன, வாய் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது சுலபம்.

கடதாசி போட வழியில்லை. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் படித்தவள், எழுதிவிடுவேன். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. மறியலில் யாரோ ஒரு கிளாக்கர் பத்துப் பேருக்கு நடுவில் அதை உரக்க வாசித்துக் காட்டுவார். நேரில்தான் போக வேண்டும். உறவுக்காரர் மாதம் ஒரு தடவை போய்ப் பார்க்கலாம் என்று சட்டம் இருந்தது.

முதல் தடவை போனபோது வாசல் காவலர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொண்டேன். அவர் சிங்களவர். சந்தையில் பழகிய தமிழ் பேசுவார்.

"என்ன பேரு, ஒன் மனுசன்?"

புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்லக்கூடாது. சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். ஏற்கெனவே ஆறு மாதம் குறைந்து கிடக்கிற ஆள். நான் யோசித்து, "கதிர்காமத்துச் சாமி பேருங்க" என்றேன்.

கோயிலுக்கு வழி கேட்கிறேன் என்று நினைத்து, காவலர் மரியாதையாகக் கையை நீட்டித் தெருவைக் காட்டினார். "தேவாலே அந்தப் பக்கம் நங்கி. இது மறியல்" என்றார். நங்கி என்றால் அவர்கள் பாஷையில் தங்கச்சி.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். யாரோ ஒருவர் அவருக்கு விளக்கம் சொல்லிக்கொடுத்தார். ஆனால் அந்தச் சாமிக்குப் பெயர் ஒன்றா இரண்டா? தோட்டத்து ஆம்பளைகளில் பாதிப்பேர் ஏதோ ஒரு விதத்தில் அவர் பெயரைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். காவலர் தன் வாயில் வந்த முதல் பெயரைக் கூப்பிட்டார். தாடியும் மீசையுமாக ஒரு பெரியவர் வந்து கம்பிக்கு அப்பால் நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ யாரு தாயி?"

"நீங்க யாரு?" என்றேன்.

அவரைப் பார்க்க அதுவரை யாருமே வந்ததில்லையாம். "சரி, வந்தது வந்துட்ட. தோட்டத்துல மழையா?" என்று கேட்டார். மழைதான் என்றேன். கொழுந்து நல்லா விழுதா என்றார். விழுது என்றேன். கணக்கப்பிள்ளைமார் இப்போதும் நிறுவையில் ஏய்க்கிறார்களா என்றார். அதைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. ஆள் மாறிப்போனதை நான் காவலரிடம் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. போகிறபோது பெரியவர், "அடுத்த வாட்டி வெத்தல கொண்டா தாயி" என்றார். ஒரு மாதத்தை அப்படித் தொலைத்தேன்.

அடுத்த மாதம் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொண்டுபோனேன். சொல்லத்தான் கூடாது, எழுதலாம். யார் போட்ட சட்டமோ தெரியாது. இங்கே மட்டும் எழுதமாட்டேன். எழுதினால் நீங்கள் வாய்விட்டு வாசிப்பீர்கள்.

அன்றைக்குச் சரியான ஆள்தான் வந்தார். மெலிந்து, மொட்டையடித்து, காது இரண்டும் தனியாகத் தெரிய நின்றார். அவர் நின்ற பக்கம் ஒரு கம்பிவலை, நாங்கள் நின்ற பக்கம் ஒரு கம்பிவலை, நடுவில் ஒரு பாதை. அந்தப் பாதையில் அதே சிங்களக் காவலர் நடந்துகொண்டிருப்பார். வலையின் கீழ்ப் பாதி முழுக்கப் பலகை அடித்திருந்ததால் தலையும் தோளும்தான் தெரியும். இரண்டு பக்கமும் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். இதில் இன்னொரு சட்டம்: பேசுவதெல்லாம் காவலருக்கு விளங்க வேண்டும். விளங்காவிட்டால் பேச்சை நிறுத்திவிடுவார்.

நான் வெட்கத்தை விழுங்கிக்கொண்டு, எங்கள் பெண்கள் சொல்கிற மாதிரி மரியாதையாகச் சொன்னேன்.

"முழுகாம இருக்கேங்க."

எங்கள் ஆட்களில் எந்த மடையனுக்கும் விளங்கும் பேச்சு அது. என் வீட்டுக்காரர் காதில் கையை வைத்து, "என்னா?" என்றார். காவலர் நின்றுவிட்டார்.

"என்ன சொல்ற நங்கி? முழுகிறதில்லயா? குளிக்கிறதில்லயா?"

நான் என்ன சொல்வேன்? சொன்ன சொல்லுக்கு அகராதியில் அதுதானே அர்த்தம். தலையை ஆட்டினேன். நல்ல மனுஷன், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி மண்டபம் அதிரச் சொன்னார்.

"ஒன் பொம்பள குளிக்கிறதில்லயாம்."

இரண்டு பக்கமும் சிரிப்பு. என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. முகம் வாடிப்போய், "காச்சலா புள்ள?" என்றார். அந்த வருஷம் கீழ்ப்பக்கமெல்லாம் மலேரியாக் காய்ச்சல் பரவியிருந்தது. காய்ச்சல்காரர்தானே குளிக்காமல் கிடப்பார்கள். நான் இல்லை இல்லை என்று கையை ஆட்டினேன். அதை அவர் குளிர் நடுக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

"கொயினா குடி. அதுக்குத்தான் அப்பவே சொன்னேன், அண்ணன் வீட்டுக்குப் போயிருன்னு. தனியா கெடந்து சாகப்போறியா?"

மணி அடித்துவிட்டது. வெளியே வரும்போது காவலர் என்னிடம் அக்கறையாக, "காய்ச்சல் இல்லன்னா குளி நங்கி. வாவி பக்கத்திலதான" என்றார். கண்டி வாவி நிறையத் தண்ணீர் நின்றது. விழுந்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன். வயிற்றில் இருந்தது நல்ல சேதி என்பதால் பஸ் ஏறினேன்.

நல்ல சேதி போகாத வேகத்தில் கெட்ட சேதி போனது. மறியலிலிருந்து விடுதலையான ஒருவரைப் பிடித்து என் வீட்டுக்காரர் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். ஒரு நாள் நான் மலையிலிருந்து வரும்போது லயத்து வாசலில் அண்ணன் நிற்கிறார், கையில் கொயினா மருந்துப் போத்தல். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"காச்சலே இல்லியே."

"விட்டுருச்சுண்ணே" என்றேன். கூடப்பிறந்த அண்ணனிடம், அதுவும் கலியாணம் கட்டாத அண்ணனிடம், வேறு எதைச் சொல்வது? அவர் நம்பவில்லை. வேளைக்கு வேளை கொயினாவை ஊற்றித் தந்தார். நான் அதை வாழைக்கன்றுக்கு ஊற்றினேன். அந்த வாழைக்குக் காய்ச்சல் வந்திருக்க வாய்ப்பே இல்லை.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். இன்னொரு தடவை மறியலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, கண்டியிலிருந்து அப்படியே கலகெதரவுக்குப் போய்விடுவது. என் தகரப் பெட்டியை அண்ணனே கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். காய்ச்சல்காரியை அண்ணன் அதற்குப் பிறகு மறியல் பக்கமே விடமாட்டார். ஆக, அந்த ஒரு தடவைதான் மிச்சம். அன்றைக்கும் சொல்லாவிட்டால் நான் ஒரு திசை, அவர் கப்பல்.

பெட்டியை மறியல் வாசலில் வைத்துவிட்டு அண்ணன் என் பின்னால் வந்து நின்றுகொண்டார். முன்னால் காவலர், பின்னால் அண்ணன், எதிரே இவர். அண்ணன் கண்ணில் படாமல் முந்தானையால் மறைத்திருந்த என் வயிறு, பலகைக்குக் கீழே நன்றாகவே மேடிட ஆரம்பித்திருந்தது. பலகைக்கு மேலே அவர் என் கன்னம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"காச்சல் விட்டுச்சா?"

சாடையாகச் சொல்லிப் பார்ப்போம் என்று, "புளிப்பா திங்கணும் போல இருக்குங்க. மாங்காயா கேக்குது" என்றேன்.

"மாங்கா திங்காத. காச்சல் திரும்பிரும்."

"மாங்கா கூடாது" என்று காவலரும் சொன்னார்.

"நானும் அதத்தான் சொல்றேன், கேக்க மாட்டேங்கிறா" என்றார் அண்ணன் பின்னாலிருந்து.

எனக்கு உச்சந்தலைவரை ஏறிவிட்டது. மூன்று ஆம்பளைகள், மூன்று பேருக்கும் மருத்துவம் தெரியும், ஒருத்தருக்கும் விஷயம் தெரியாது. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து யாரையும் கூப்பிடாத விதமாக அவரைக் கூப்பிட்டேன்.

"யோவ், காச்சலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வயித்துல இருக்கிறது ஒம்ம புள்ளய்யா."

அதுவரை சந்தைபோல் கிடந்த இடம் அந்த நேரம் பார்த்து அடங்கியிருந்தது. அந்தப் பக்கத்து மறியல்காரர்கள் அத்தனை பேரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அண்ணன் கூரையைப் பார்த்தார். காவலர் என் பக்கம் குனிந்து, "அட, குளிக்கிறதில்லன்னு சொன்னது இதா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

என் வீட்டுக்காரர் கம்பிவலையோடு வந்து ஒட்டிக்கொண்டார். பிறகு, "எத்தன மாசம்?" என்றார்.

"ஒனக்கு இன்னும் ரெண்டு" என்றார் காவலர்.

"அவளுக்குக் கேட்டேன் ஐயா."

"அஞ்சு" என்றேன். அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். எண்ணிக்கொண்டிருக்கும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை, கை எண்ணிக்கையில் இருந்தது. எனக்கும் அழுகை வந்தது. கோபம் இன்னும் தீராததால் நான் அழாமல் நின்றேன்.

பிறகு அவர் ஏச ஆரம்பித்தார். இந்த வயிற்றை வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறி இறங்கி வருவாயா, கொயினாவை நிஜமாகவே குடித்துத் தொலைத்தாயா, மலைக்கு ஏன் இன்னும் கூடை தூக்கிக்கொண்டு போகிறாய் என்று ஒரே ஏச்சு. மறியல் என்பதே மறந்துபோய், லயத்தில் நிற்கிற மாதிரி ஏசினார். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

"மச்சான், அவளக் கலகெதரவுக்குக் கூட்டிக்கிட்டுப் போகாதீங்க" என்றார் அண்ணனிடம். "லயத்துலயே இருக்கட்டும்." அண்ணன் கூரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சரி என்றார்.

மணி அடித்தது. காவலர் அவர் பக்கம் கையைக் காட்டினார். அவர் நகரவில்லை.

"இனிமே நீ இங்க வரக்கூடாது. கேட்டுச்சா?" என்றார். "நான் வர்றேன்."

மறியலில் நின்றுகொண்டு யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. சொன்னால் விடுதலையான பிறகும் திரும்ப அங்கேயே வர நேரும் என்று பயம். என் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா பதறிப்போய், "எடம் பாத்து வார்த்தய விடச் சொல்லும்மா. இங்க நின்னு வர்றேன்னு சொல்லலாமா?" என்றாள்.

"சொல்லட்டும்மா" என்றேன். "அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் இத்தன தடவ பஸ் ஏறினேன்."