இரும்புக்குக் காது குத்துகிறவர்

சுத்தியலை ஓங்குவதற்கு முன்னால் காஜாக்காரம்மா நாக்கின் நுனியை உதட்டோரத்தில் வெளியே நீட்டிக்கொள்வார். ஊசியில் நூல் கோக்கும் காலத்தில் வந்த பழக்கம். ஊசிக்கு அது சரி. பொறி பறக்கும் பட்டறைக்குச் சரிப்படாது. "அம்மா, நாக்கை உள்ள வைங்க, வெந்துடும்" என்று பட்டறையில் வேலை பார்க்கும் வெல்டர் தினமும் சொல்கிறார். "வெந்தா வேகட்டும், பேசறதாவது குறையும்ல" என்று அம்மாவும் தினமும் பதில் சொல்கிறார். ஆனால் நாக்கை உள்ளே இழுக்காமலே சொல்வதால் அது இன்றுவரை யாருக்கும் சரியாகப் புரிந்ததில்லை.

வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மூக்குக்கண்ணாடி நழுவாமலிருக்க அதன் இரண்டு காம்புகளையும் எலாஸ்டிக்கால் இணைத்துத் தலைக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார். கழுத்தில் துணி அளக்கும் நாடா. பட்டறையில் நல்ல இரும்பு அளவுகோல் இருக்கிறது. அம்மாவோ கம்பியையும் நாடாவால்தான் அளப்பார். நாடாவின் தொடக்கம் ஒருநாள் உலையில் கருகிப்போனது. "அதனால என்ன, மூணுலேர்ந்து ஆரம்பிச்சாப் போச்சு" என்றார். அவர் வெட்டித்தரும் பட்டைகள் எப்போதும் ஒரே அளவில் குறைவாக இருப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டென்று அவர் ஒப்புக்கொள்வதில்லை. தோல் ஏப்ரனில் தானே ஒரு பை தைத்து, அதற்கு மூடி வைத்து, மூடிக்கு ஒரு பித்தானும் வைத்திருக்கிறார். அந்தப் பித்தான் துளையை வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். இந்தப் பட்டறையிலேயே ஒழுங்கான ஓட்டை அது ஒன்றுதான் என்பது அவர் கருத்து.

காஜா என்றால் சட்டையில் பித்தான் நுழைகிற துளை. கடைவீதித் தையல்காரர்கள் எல்லோரும் சட்டைகளை மூட்டை மூட்டையாகக் கட்டி இவரிடம்தான் அனுப்புவார்கள். பேர் போய் காஜாக்காரம்மா என்பதே நிலைத்துவிட்டது. "பித்தான் உள்ள போறப்போ கொஞ்சம் தயங்கணும், வெளிய வர்றப்போ ரொம்பத் தயங்கணும். அதான் காஜா" என்று இலக்கணம் சொல்வார். யாரைப் பார்த்தாலும் கண் முதலில் சட்டையின் நெஞ்சுப் பக்கம்தான் போகும். புதிதாக அறிமுகமாகிறவர்கள் கூச்சத்தோடு ஓரடி பின்வாங்குவார்கள்.

அந்தக் கண்தான் கடைசியில் காலை வாரியது. ஊசியின் காது இருக்கிற இடத்தில் பனிமூட்டம் தெரிந்தது. "சின்ன வேலையெல்லாம் இனிமே வேணாம்மா" என்றார் கண் டாக்டர். "அப்போ பெரிய வேலை பாக்கலாமா?" என்று அம்மா கேட்டார். "தாராளமா" என்று டாக்டர் சிரித்தார். அவர் அதைத் தமாஷாக எடுத்துக்கொண்டார். அம்மா அதை உத்தரவாக எடுத்துக்கொண்டார்.

கடையை மூடிவிட்டு மகள் வீட்டுக்கு வந்தார். மகள் மருத்துவமனையில் நர்ஸ். மருமகனுக்கு வீட்டின் பின்னாலேயே இரும்புப் பட்டறை. கதவுக் கீல், கொக்கி, தாழ்ப்பாள் எல்லாம் கையால் அடித்துச் செய்கிறவர். ஆள் கதவளவு இருப்பார். சாமான் வாங்க வருகிறவர்களிடம் பேசினால் தெருமுனை வரை கேட்கும். ஆனால் மாமியார் எதிரில் அந்தக் குரல் கொசு அளவுக்குச் சுருங்கிப்போகும்.

அதற்குக் காரணம் இருந்தது. மகள் இவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றபோது, "இரும்படிக்கிறவன் வாயும் சம்மட்டி மாதிரிதான்டி இருக்கும், வாழ்க்கை பூரா அடிபட்டே சாவே" என்று அம்மா பொரிந்து தள்ளினார். முதன்முறையாகப் பெண் வீட்டுக்கு வந்திருந்த மாப்பிள்ளை அப்போது வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. சொன்னவர் மறந்துபோனார். கேட்டவர் மறக்கவில்லை.

ஒருநாள் மாப்பிள்ளை மறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாட்டுக் கேரியரைக் கொடுக்க அம்மா பட்டறைக்குள் நுழைந்தார். மாப்பிள்ளை பழுக்கக் காய்ச்சிய ஒரு பட்டையில் துளை போட்டுக்கொண்டிருந்தார். அம்மா கேரியரோடு அப்படியே நின்றுவிட்டார்.

"அட, காஜா!"

பார்த்து முடித்ததும், "எனக்கும் ஒண்ணு குடுங்க மாப்பிள்ளை, நானும் போட்டுப் பாக்கறேன்" என்றார். மாமியாரிடம் முடியாது என்று சொல்லும் துணிச்சல் அந்த மனிதருக்கு ஏது? வெல்டர்தான் மூலையிலிருந்து முணுமுணுத்தார்: "கொல்லன் தெருவுல ஊசி விக்க வந்துட்டாங்க."

"விக்க வரலப்பா, வாங்க வந்திருக்கேன்" என்றார் அம்மா.

பார்ப்பதற்கு எளிய வேலைதான். பட்டையை மஞ்சள் நிறம் வரும்வரை காய்ச்சி, அடைகல் என்கிற இரும்பு மேடையின் மேல் வைத்து, பஞ்ச் என்கிற மழுங்கல் முனை உளியை நடுவில் நிறுத்தி அடிக்க வேண்டும். ஒரே பக்கமாக அடித்துத் துளைத்துவிடலாம் என்று நினைத்தால் கெட்டது. அடியிலிருக்கும் கல்லின் கெட்டித்தனம் கையில் தட்டியதுமே நிறுத்திப் பட்டையைப் புரட்ட வேண்டும். சிவந்த இரும்பின் நடுவே ஒரு கறுப்புப் பொட்டு தெரியும். மறுபக்கம் பஞ்ச் பட்டுச் சூடு குறைந்த இடம் அது. அந்தப் பொட்டின் மேல் பஞ்சை வைத்து, கல்லிலுள்ள ஓட்டைக்கு நேராக நகர்த்தி அடித்தால், ஒரு சின்ன வில்லை கழன்று கீழே விழும். நடுநடுவே பஞ்சைத் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அது இரும்போடு கவ்விக்கொண்டு வர மறுக்கும்.

அம்மா புரட்ட மறந்தார். பட்டையின் அடியில் கட்டி புறப்பட்டது போலப் புடைத்தது. அடுத்ததில் புரட்டினார், ஆனால் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் பொட்டு மறைந்துவிட்டது. அதற்கடுத்தது ஓரம் கிழிந்தது. "துணி இப்படியெல்லாம் முறைச்சுக்காது" என்று இரும்பைக் கடிந்துகொண்டார். ஒரே பட்டையில் அவர் வரிசையாகக் குத்தியிருந்த கோணல் துளைகளைப் பார்த்து, "புல்லாங்குழலா அம்மா?" என்றார் வெல்டர். "ஊதித்தான் பாரேன்" என்று அம்மா சுடச்சுட நீட்டினார்.

ஆனால் விடவில்லை. "ஊசியில காது எங்க இருக்குன்னு தேடணும். இங்க காதே வெளிச்சம் போட்டுக் காட்டுது" என்பார். ஊசிக்குக் காது என்றால் இரும்புக்கும் காதுதான் அவருக்கு. தினமும் பின்பக்கம் என்னதான் செய்கிறீர்கள் என்று பக்கத்து வீட்டம்மா கேட்டபோது, "இரும்புக்குக் காது குத்தறேன்" என்றார். "எனக்கே குத்தறீங்களா?" என்று கோபித்துக்கொண்டு அந்த அம்மா கதவைச் சாத்தினார்.

துளை விழாததற்கு அம்மாவின் கை மட்டும் காரணமில்லை. மாப்பிள்ளை அவரை நேராகத் திருத்த மாட்டார். மூன்று பேரும் ஒரே அடைகல்லைச் சுற்றி, முழங்கை இடிக்கிற தூரத்தில் நின்றுகொண்டிருப்பார்கள். மாப்பிள்ளை வெல்டரின் காதில் சொல்வார்: "பஞ்ச் சாய்ஞ்சிருக்குன்னு அத்தைகிட்ட சொல்லுங்க."

"அம்மா, பஞ்ச் சாய்ஞ்சிருக்காம்."

"நேராத்தான் இருக்குன்னு சொல்லு."

"நேராத்தான் இருக்காம்ங்க."

"இல்ல, கொஞ்சம் வலப்பக்கம்னு..."

இந்தத் தபால் போய்த் திரும்புவதற்குள் மஞ்சள் சிவப்பாகி, சிவப்பு கறுப்பாகி, இரும்பு ஆறிப்போயிருக்கும். மறுபடி உலை. மறுபடி மரியாதை. வீட்டுப் பின்கதவுக்கு ஒரே ஒரு கீல்பட்டையைத் தன் கையால் செய்து மாட்டிவிட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. இந்த வேகத்தில் போனால் கதவு உளுத்து விழுந்த பிறகுதான் கீல் வரும் என்று வெல்டர் கணக்குச் சொன்னார்.

ஒருநாள் வெல்டருக்குப் பல்வலி, வரவில்லை. மாப்பிள்ளை குறட்டால் பட்டையைப் பிடித்துக்கொள்ள, அம்மா அடிக்கத் தொடங்கினார். நல்ல வாகு கிடைத்துவிட்டது. அந்த மகிழ்ச்சியில் பஞ்சைத் தண்ணீரில் முக்க மறந்து அடித்துக்கொண்டே போனார். மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்தார். இன்னொரு முறை கனைத்தார். சொல்லியனுப்ப ஆள் இல்லை. பஞ்ச் இரும்புக்குள் சிக்கிக்கொண்டது. அதைத் திருகி எடுக்க நினைத்து, அம்மா சுத்தியலை வைத்துவிட்டு, வெறுங்கையை அதன் சிவந்த அடிப்பாகத்தை நோக்கி நீட்டினார்.

"கையை எடு! அறிவிருக்கா? எடுன்னா எடு!"

ஓட்டுக்கூரை அதிர்ந்தது. அம்மாவின் கை தானாகப் பின்வாங்கியது. மாப்பிள்ளை ஒரே தட்டில் பஞ்சைக் கழற்றிவிட்டார். அதற்குப் பிறகுதான் தான் கத்தியது அவர் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். முகம் சாம்பலாய்ப் போயிற்று. "அத்தை..." என்று கொசுக்குரலில் தொடங்கி, முடிக்காமல், விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். உலைக்கு ஊதுகிற விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. அம்மாதான் அதை நிறுத்தினார்.

சாயங்காலம் மகள் வேலையிலிருந்து வந்தபோது கணவர் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மகள் நேரே சமையலறைக்கு வந்தாள்.

"அவரை என்னம்மா சொன்னே?"

"நான் ஒண்ணும் சொல்லல. அவர்தான் சொன்னார். கையை எடுன்னார். அறிவிருக்கான்னார்."

மகள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள். "உன்னையா? அப்படியா சொன்னார்?"

"ஆமா. நல்லாக் கேட்டுச்சு. இத்தனை வருஷத்துல அவர் சொன்னது முழுசா என் காதுல விழுந்தது இன்னிக்குத்தான்."

மகளுக்குச் சிரிப்பு வந்தது; ஆனால் சிரிக்கவில்லை. "சம்மட்டி வாய்னு நீ அன்னிக்கு ஒரு வார்த்தை விட்டியே, அதுக்குத்தான்மா அவர் உன் முன்னாடி வாயே திறக்கறதில்ல. இன்னிக்கு அதை நானே உண்மையாக்கிட்டேன்னு படுத்துக் கிடக்கார்."

"நான் எப்போடி சொன்னேன்?" என்று அம்மா சண்டைக்குக் கிளம்பினார். பாதியில் நினைவு வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டார். அவர் வாயை மூடுவது அந்த வீட்டில் அபூர்வம். அம்மா வலதுகையை விளக்கொளியில் நீட்டி, புரட்டிப் புரட்டிப் பார்த்தார். விரல் அத்தனையும் இருந்தன. மெத்தென்று ஒரு வார்த்தை தேடியிருந்தால் இந்நேரம் அந்தக் கையில் துணி சுற்றியிருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

மறுநாள் காலையில் வெல்டர் ஒரு பக்கக் கன்னம் வீங்கி வந்து சேர்ந்தார். மாப்பிள்ளைக்கு உயிர் வந்தது. அவரைத் தனியே இழுத்து, "நேத்து வாய் தவறிடுச்சு, மன்னிச்சுக்கணும்னு அத்தைகிட்ட சொல்லுங்க" என்றார்.

"அம்மா, நேத்து வாய்..."

"உனக்கு வாய் வீங்கியிருக்குப்பா, நீ பேசாதே. போய் டீ குடிச்சுட்டு வா."

வெல்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். அம்மா பட்டையை உலையில் செருகினார். அது மஞ்சளாகும் வரை காத்திருந்தார். பிறகு மாப்பிள்ளையின் கையில் குறட்டைக் கொடுத்தார்.

"நீங்க பிடிங்க மாப்பிள்ளை, நான் குத்தறேன். சொல்ல வேண்டியதைச் சத்தமாச் சொல்லுங்க. மெதுவாச் சொன்னா இரும்பு ஆறிடுது."

மாப்பிள்ளை உதட்டை அசைத்தார்.

"கேக்கல."

"நேரா வைங்க அத்தை."

"இன்னும் கேக்கல. ஆறுது பாருங்க."

"நேரா வைங்கன்னா! ம், அடிங்க! தண்ணியில முக்குங்க, முக்குங்க! இப்போ அடிங்க. போதும், போதும்னா நிறுத்தணும்!"

பக்கத்து வீட்டில் ஜன்னல் திறக்கும் ஓசை கேட்டது. மாப்பிள்ளை பட்டையைப் புரட்டினார். சிவப்பின் நடுவே பொட்டு பளிச்சென்று தெரிந்தது. "அது மேலயே வைங்க! அடிங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். கல்லின் கீழே வில்லை டிங்கென்று விழுந்தது.

தண்ணீரில் முக்கியதும் பட்டை சீறி அடங்கியது. மாப்பிள்ளை அதைத் துடைத்துப் பார்த்து, யாரும் கேட்காமலே, முழுக்குரலில் சொன்னார்: "கொஞ்சம் ஓரமாப் போயிடுச்சு அத்தை."

"காது ஓரமாத்தானே இருக்கும்" என்றார் அம்மா.

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். துளையின் சுவர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, பட்டையை வாசல் வெளிச்சத்துக்கு நேராக உயர்த்தி ஒரு கண்ணை வைத்தார். அம்மா மறுபக்கம் போய் நின்று, எலாஸ்டிக்கோடு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தன் கண்ணையும் அதே துளையில் வைத்தார்.