வாசம் தெரியாத வருடத்து ஒயின்

எங்கள் வீட்டில் சமையல் என் கணவருடையது. யாரும் பேசி வைத்த ஏற்பாடு இல்லை, தானாக அப்படி அமைந்துவிட்டது. அவர் தளவாய்புரத்தில் கணக்கு வாத்தியார். நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில், நூலின் பலத்தையும் சீரையும் பார்க்கிற பரிசோதனை அறையில் இருக்கிறேன். காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரே பைக்கில் கிளம்புவோம். என்னை மில் வாசலில் இறக்கிவிட்டு அவர் தெற்கே போவார். சாயங்காலம் நான் பஸ்ஸில் வந்து சேரும்போது அவர் எனக்கு முன்பே வந்து கைலிக்கு மாறி, அடுப்பில் எதையாவது கொதிக்க வைத்திருப்பார்.

அவர் சமைக்கிற அந்த நேரம்தான் எனக்குக் கிடைத்த நேரம். மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகு அவள் அறை மேசையில் ஒரு பழைய லேப்டாப்பையும், யாரோ வாசித்துச் சலித்து விற்ற ஒரு சின்ன சிந்தசைசர் கீபோர்டையும் வைத்துக்கொண்டேன். அது பார்சலில் வந்த அன்று கொரியர்காரர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, கடை போடப்போறீகளா? பில்லு மெஷினா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதை விளக்குவதற்கு வேண்டிய தெம்பு அன்று என்னிடம் இல்லை.

சபையில் விஷயம் தெரிந்ததும், ஞாயிறு ஆராதனைக்கு வந்து பாமாலைப் பாட்டுகள் வாசிக்கச் சொன்னார்கள். எனக்குப் பாமாலை வாசிக்கத் தெரியாது. எனக்குத் தெரிந்தது வேறு. எங்கள் பரிசோதனை அறைக்குப் பக்கத்துக் கூடத்தில்தான் நூற்கும் மெஷின்கள் ஓடுகின்றன. கரண்டு போய்த் திரும்ப வரும்போது அவை அடிவயிற்றிலிருந்து உறுமித் தொடங்கி, மெல்ல மெல்ல ஒரே சுருதிக்கு ஏறி நிற்கும். வருடக்கணக்காக அதைக் கேட்டுக் கேட்டு, அந்த ஏற்றத்தை நானே ஒருநாள் உண்டாக்கிப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. அதுதான் தொடக்கம். பிறகு குக்கர் விசில், தண்ணீர் மோட்டார், பஸ்ஸின் பின்சீட் கம்பி அதிரும் சத்தம் என்று ஒவ்வொன்றாகப் பதிவு செய்து, இழுத்து, தணித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவேன். ஹெட்போன் போட்டுக்கொள்வதால் வீட்டில் யாருக்கும் தொந்தரவில்லை. சாப்பாடு ஆனதும் அவர் வந்து தோளைத் தொடுவார்.

போன வருடம் ஜூலையில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஒரு வாரத்தில் போயும்விட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து வந்து ஆட்டுக்கறி சுக்கா வைத்தார். ஞாயிற்றுக்கிழமைக் கறியோடு, முந்தின கிறிஸ்துமஸுக்குப் போட்ட திராட்சை ஒயினில் மிச்சமிருப்பதை ஆளுக்கு அரை டம்ளர் குடிப்பது எங்கள் வழக்கம். நான் அறையில் ஹெட்போனோடு இருந்தேன். கருகல் வாடை அங்கே வரைக்கும் வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் அவர் அடுப்புக்கு முன்னால்தான் நிற்கிறார், கையில் கரண்டியோடு.

"ஏங்க, அடிப்பிடிக்குது! என்ன யோசனை?"

"அடிப்பிடிக்குதா?" என்று குனிந்து சட்டியை முகர்ந்தார். திரும்பவும் முகர்ந்தார். "ஏட்டி, எனக்கு ஒண்ணும் வரலையே."

காபிப்பொடி டப்பாவைத் திறந்து நீட்டினேன். இல்லை என்று தலையாட்டினார். பெருங்காயம், மண்ணெண்ணெய், கடைசியில் குளியலறை பினாயில் வரைக்கும் எடுத்து வந்தேன். அவர் ஒவ்வொன்றையும் நம்பிக்கையோடு முகர்ந்து, ஒவ்வொன்றையும் என்னிடமே திருப்பிக் கொடுத்தார். மதுரையில் ஒரு காது மூக்கு டாக்டரிடம் போனோம். அவர் பார்த்துவிட்டு, திரும்பி வரலாம், நாளாகலாம், வராமலும் போகலாம் என்றார்.

மூக்கு போனால் நாக்கும் போய்விடும் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. என்னோடு வேலை பார்க்கிற பெண் ஒருத்தி மகன் பிறந்தநாளுக்கென்று பால்கோவா கொண்டு வந்தாள். சூடு ஆறாத பால்கோவா. வீட்டுக்கு எடுத்து வந்து அவருக்குக் கொடுத்தேன். வாயில் போட்டு ரொம்ப நேரம் வைத்திருந்தார்.

"இனிப்பு தெரியுது," என்றார். "பாலு தெரியல."

அதற்குப் பிறகு அவர் சமைப்பதை விட்டுவிட்டார். கோபமெல்லாம் இல்லை. ருசி பார்ப்பதற்கு ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கிறது, அதற்கு நீயே வைத்துவிடலாமே என்றார். நியாயந்தான். மில்லிலிருந்து வந்து, புடவையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டு, நான் அடுப்படிக்குப் போனேன். எனக்கு வந்தது ரசமும் ஒரு பொரியலும்தான். அவர் குறை சொல்லவில்லை. அவருக்கு எல்லாம் ஒன்றுதான். அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொண்டு, அந்த மொறுமொறுப்புக்காகச் சோற்றை இறக்குவார். சாப்பிட்டுப் பாத்திரம் கழுவி, மகள் அறையில் போய் உட்காருவேன். ஹெட்போனை மாட்டினால், பகலெல்லாம் கேட்ட மில் இரைச்சல் காதுக்குள் சீட்டியடித்துக்கொண்டே இருக்கும். அதற்குமேல் எந்தச் சத்தத்தை வைப்பது? கீபோர்டு மேலேயே தலைவைத்துத் தூங்கிப்போய் கன்னத்தில் கட்டையின் தடத்தோடு எழுந்திருக்கிறேன். சிந்தசைசர்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன். துவைத்த துணிகளை மடித்து அதன்மேல் வைக்கிற பழக்கமும் வந்துவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் திராட்சை வரத்து தொடங்கியதும் ஆலங்குளத்திலிருந்து அவருடைய அக்கா போன் செய்தார். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் எங்கள் வீட்டு ஒயின்தான் பண்டிகைக்கு.

"தம்பி, இந்த வருசம் ஒயின் உண்டும்லா?"

"இல்லக்கா. மூக்கு இல்லாதவன் ஒயின் போட்டா காடிதான் வரும். கடையில வாங்கிக்கிடுங்க."

போனை வைத்துவிட்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்தார். டிவி ஓடவில்லை. அதைக்கூட அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. எனக்கு அவர்மேல் இரக்கமா, எரிச்சலா என்று சொல்லத் தெரியவில்லை. அந்த மௌனத்தோடு இன்னும் எத்தனை சாயங்காலம் இருப்பது என்ற அலுப்புதான் பெரிதாக இருந்தது. மறுநாள் மில் விட்டதும் ராஜபாளையம் மார்க்கெட்டில் பன்னீர் திராட்சை வாங்கினேன். பஸ்ஸில் கூட்டம் நெரித்ததில் சாறு கசிந்து பக்கத்தில் நின்ற அம்மாவின் சேலையில் பட்டுவிட்டது. ஊர் வந்து சேரும் வரைக்கும் அந்த அம்மா தெலுங்கில் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். என்ன சொல்லியிருப்பார் என்று யூகிக்க எனக்குத் தெலுங்கு தெரிய வேண்டியிருக்கவில்லை.

வீட்டில் என் கணவர் பையைப் பார்த்தார். "யாரு போடப்போறா?"

"கை உங்களுது. மூக்கு என்னுது. நீங்க பிசைங்க, நான் மோந்து சொல்லுதேன்."

அவர் எழுந்து போய்ப் பெரிய பீங்கான் ஜாடியை இறக்கினார். திராட்சையைக் கழுவி, துணியில் பரப்பி ஈரம் போக்கி, கையால் மசித்து, சர்க்கரை, ஈஸ்ட், கைப்பிடி கோதுமை, இரண்டு கிராம்பு என்று போட்டு வாயைத் துணியால் கட்டினார். அந்தக் கைகளுக்கு எதுவும் மறந்திருக்கவில்லை.

சிக்கல் அதற்கப்புறம்தான். தினமும் சாயங்காலம் அவர் துணியை அவிழ்த்து மரக்கரண்டியால் கிண்டுவார். நான் முகர்ந்து சொல்ல வேண்டும். பஞ்சுத் தூசியிலேயே இருபது வருடத்துக்கு மேல் மூச்சு விட்ட மூக்கு என்னுடையது.

"எப்பிடி இருக்கு?"

"ஒயின் மாரி இருக்கு."

"மாரின்னா? பழ வாசமா? புளிச்ச மாவா? காடி நெடி ஏறுதா?"

"எல்லாந்தான் இருக்கு."

"எல்லாம் எம்புட்டு எம்புட்டு இருக்குன்னு சொல்லுட்டி. தோராயமாச் சொன்னா நான் என்னத்தக் கணக்குப் போட?"

நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ எனக்குப் பொறுமை விட்டுப்போயிற்று. "நான் சத்தம் கேக்கறவ. மோப்ப நாய் இல்ல," என்று கத்திவிட்டேன்.

"ராஜபாளையத்து நாயே மோந்து வேட்டையாடாது, தெரியும்லா? அது கண்ணால பாத்துதான் ஓடும்," என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அன்று இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த வாரச் சனிக்கிழமை மதியம் எனக்கு விடுமுறை. சமையலறையைக் கடந்து போகும்போது ஜாடிக்குள்ளிருந்து ஏதோ கேட்டதுபோல இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு கை பரபரத்தது. வாழ்த்து அட்டையைத் திறந்தால் பாடுமே, அதற்குள் காசளவில் ஒரு பித்தளைத் தகடு இருக்கும். அதில் ஒயர் பற்றவைத்து நான் மைக்காகப் பயன்படுத்துவதுண்டு. எதன்மேல் ஒட்டினாலும் அதற்குள் ஓடுகிற அதிர்வை எடுத்துக் கொடுக்கும். அதை ஜாடியின் வயிற்றில் டேப் போட்டு ஒட்டி, லேப்டாப்பைக் கொண்டு வந்து தரையில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவள் திறந்தபோது அவர் எதிரே நின்றிருந்தார். ஹெட்போனைக் கழற்றி அவர் காதில் வைத்தேன்.

இரண்டு கையாலும் அதைக் காதோடு அழுத்திப் பிடித்தார். பிறகு அவரும் தரையில் உட்கார்ந்தார்.

"வாத்தியார் வெளிய போனதும் கிளாஸ்ல பிள்ளைக பேச ஆரம்பிக்குமே," என்றார். "முதல்ல ரெண்டு பேரு. பொறவு பெஞ்சு பெஞ்சா. அதே சத்தம்."

அதிலிருந்து தினமும் நான் வருவதற்குள் அவரே எல்லாவற்றையும் மாட்டி உட்கார்ந்திருப்பார். நான் பையை வைப்பதற்கு முன்னாலேயே, "இன்னைக்கு ஹெட்மாஸ்டர் வராண்டாவுல நடக்காரு போல, அடங்கிட்டு," என்பார். அல்லது, "கடைசி பெஞ்சுல மட்டும் ரெண்டு பய பேசிட்டிருக்கானுவ." நான் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே அதைக் கேட்பேன். உதவிக்கு வெங்காயம் நறுக்கவும் ஆரம்பித்தார். பதிவுகளெல்லாம் லேப்டாப்பில் சேர்ந்துகொண்டே போயின.

ஆனால் சத்தத்துக்கு ஒன்று தெரியாது, எப்போது வடிகட்ட வேண்டும் என்று. புளித்து நுரைக்கிற கொதி அடங்கியதை அவர் காதால் பிடித்துவிட்டார். என் மூக்கும் நாக்கும் சரி என்று சொன்னால் வடித்துவிடலாம். அந்த நேரம் பார்த்து மில்லில் பண்டிகை ஆர்டர் என்று கூடுதல் வேலை. வீட்டுக்கு வந்தால் கையைக் கழுவிவிட்டுப் படுக்கிற மாதிரிதான் இருக்கும். "நாளைக்குப் பாக்கலாங்க," என்று தள்ளித் தள்ளிப் போட்டேன். அவராக வடிக்கத் துணியவில்லை. என்னை எழுப்பவும் இல்லை. தோலும் விதையும் அதற்குள்ளேயே ஊறின. கடைசியில் வடித்து ஒரு வாய் வைத்தபோது நாக்கு இழுத்துக்கொண்டது.

"எப்பிடி?"

"நல்லாத்தான் இருக்கு," என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

கிறிஸ்துமஸ் மதியம் அக்கா குடும்பத்தோடு வந்தார். கறியை நான் பக்கத்தில் நின்று ருசி பார்க்க, அவர்தான் வைத்திருந்தார். கேக்கை அறுத்து, டம்ளர்களில் ஒயினை ஊற்றினார். அக்கா ஒரு மிடறு குடித்து நிறுத்தினார். அவர்கள் குடும்பத்தில் பொய் சொல்லத் தெரியாத ஆள் அவர்.

"கொஞ்சம் துவர்க்குதே தம்பி. போன வருசம் மாரி இல்ல."

என் கணவர் தன் டம்ளரை எடுத்து ஒரு வாய் நிறையக் குடித்தார். புருவம் நெரிந்தது. உதட்டைச் சப்பினார், கன்னத்தை உள்ளே இழுத்துப் பார்த்தார்.

"ஆமாக்கா, துவர்க்குது," என்றார். "ஏட்டி, எனக்குத் துவர்க்குது!"

இன்னும் ஒரு வாய் குடித்தார். டாக்டரிடம் பிறகு கேட்டபோது, துவர்ப்பு வாய்க்குள் இருக்கிற சதை உணருகிற விஷயம், அதற்கு மூக்கு வேண்டாம் என்றார். அன்று அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. பல மாதங்களுக்குப் பிறகு அவர் வாயில் ஒன்று நடந்தது, அவ்வளவுதான். மற்றவர்கள் மரியாதைக்கு அரை டம்ளரோடு நிறுத்திக்கொள்ள, மிச்சத்தை அவர் சோற்றோடு சோறாகக் குடித்தார். அக்கா என் காதருகே வந்து, "இவன் என்ன, கஷாயத்த இப்பிடிக் குடிக்கான்?" என்றார்.

ஜாடிப் பதிவுகளை வைத்து ஜனவரியில் ஒரு இசை உருப்படி செய்து இணையத்தில் போட்டேன். முதலில் கொஞ்சம் குமிழிகள், பிறகு கூட்டம், பிறகு ஒவ்வொன்றாக அடங்கி வெறும் காற்று. எந்த ஊர்க்காரரோ ஒருவர் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். என் கணவர் பாதி வரைக்கும் கேட்டார். அதற்குள் தூக்கம் வந்துவிட்டது. அவருக்கும் அது அரையாண்டுத் தேர்வுத் தாள் திருத்தி முடித்த வாரம். சாயங்கால நேரம் எனக்கு முழுதாகத் திரும்பவில்லை. நான் மேசையில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் "ருசி பாக்க வா" என்று குரல் வரும். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்ப் பார்ப்பேன். திரும்பி வந்தால் எங்கே விட்டேன் என்று மறந்திருக்கும். வயதும் ஆகிறது. சில நாள் அப்படியே சும்மா உட்கார்ந்துவிடுகிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு பைக்கில் மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பு வரைக்கும் போனோம். வனத்துறைச் சாவடிக்கு இந்தப் பக்கமே வண்டியை நிறுத்தி, பிளாஸ்க்கில் கொண்டு போன காபியை ஊற்றினேன். டம்ளரை வாயருகே கொண்டு போனவர் சட்டென்று விலக்கினார்.

"என்ன இது, டயர் எரிஞ்ச நாத்தம் அடிக்குது?"

நான் வாங்கி முகர்ந்தேன். காபி, காபியாகத்தான் இருந்தது. அப்படிச் சொன்னேன்.

"அப்போ எனக்குத்தான் வருது," என்றார். திரும்பவும் முகர்ந்து முகத்தைச் சுளித்தார். "ஒண்ணுமில்லாம இருந்ததுக்கு இது வந்திருக்கு. நல்ல வாசம் எப்ப வருமோ?"

எனக்கு எப்படித் தெரியும்? "குடிக்கீகளா, கீழ ஊத்தவா?" என்று கேட்டேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்து முடித்தார். வெயில் ஏறிவிட்டது. மதியத்துக்கு என்ன வைப்பது என்று பேசிக்கொண்டே வண்டியைத் திருப்பினோம்.