பெயர் எழுதிய இடத்தில் ஒரு பொட்டு

போன சனிக்கிழமை கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னக் கடையின் சோடா ஃபிரிட்ஜுக்குள் எட்டிப் பார்த்தேன். ஜின்ஜர் பியர் போத்தல்கள். யோகட் கோப்பைகள். நடுத்தட்டில், ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய இன்சுலின்.

டப்பாவின் மூடியில் ஒரு அட்டைத் துண்டு ஒட்டியிருந்தது. பேனாவால் என்னவோ எழுதியிருந்தது. நான் வாசிக்கவில்லை. வாசிக்காமல் விடுவதுதான் இந்த வார விஷயமே...

இன்சுலின் தர்ஷினியுடையது. பத்து வயது. அவளுடைய அம்மா கலா அக்கா வெள்ளவத்தையில் ஒரு பியூட்டி பார்லரில் வேலை செய்கிறார். ஆறு வருடமாக என் புருவங்கள் அவர் பொறுப்பு. சனிக்கிழமை பார்லருக்குப் போனால், அக்கா லீவு. கோல் எடுத்தேன். வீட்டு ஃபிரிட்ஜ் நின்று ஆறு நாள், மருந்து கீழே கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், நானாவிடம் இருக்கிறது என்றார். பஸ் ஏறினேன்.

"ஏனக்கா எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லி? நீங்க என்ன, ஊதி ஊதிக் குளிராக்குவீங்களா தங்கச்சி?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண் மட்டும் சிரிக்கவில்லை. டப்பாவில் இருந்தது ஒரு மாத மருந்து. சூடு பட்டுக் கெட்டாலும் பார்க்க அப்படியே இருக்கலாம். பிள்ளைக்குச் சீனி ஏறிய பிறகுதான் தெரியவரும். நானா கடை ஒன்பது மணிக்குப் பூட்டப்படும். அதற்குப் பிறகு கரண்ட் போனால்?

இத்தனைக்கும் ஃபிரிட்ஜுக்கு வயது நாலு. கதவில் தங்க எழுத்தில் 'கம்பிரசருக்குப் பத்து வருட வாரண்டி' என்று இன்னும் மின்னுகிறது. பழுதானதும் கம்பிரசர்தான். பில் இருக்கிறது. கார்டு இருக்கிறது. இரண்டையும் ஒரு பழைய எக்ஸ்ரே உறைக்குள் பத்திரமாக வைத்திருந்தார். பிறகென்ன பிரச்சினை?

ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் இருக்குமே, பெயரும் தொடர் இலக்கமும் அச்சடித்தது. ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் கலா அக்கா சந்தனமும் குங்குமமும் வைத்தது அதன்மேல்தான்.

"அவ்வளவு பெரிய கதவு இருக்கேக்கை, ஏனக்கா அங்கை போய்?"

"அதுக்கு நெத்தி எதுன்னு யாருக்குத் தெரியும்? பேரு எழுதியிருக்கிற இடத்துல வச்சாதானே தங்கச்சி அதுக்குப் போய்ச் சேரும்!"

இதற்கு ஒரு பதில் உங்களிடம் இருக்கிறதா?

பொட்டு வைத்ததால்கூட இலக்கம் அழியவில்லை. டெக்னீஷியன் வருவதற்கு முதல் நாள், வெளியாள் வருகிறாரே, வீடு வீடாக இருக்க வேண்டாமா என்று, பாத்திரம் தேய்க்கிற நாரை எடுத்து நாலு வருடச் சந்தனத்தையும் தேய்த்திருக்கிறார். சந்தனம் போனது. கூடவே இலக்கமும் போனது. வெள்ளை வெளேரென்று ஒரு ஸ்டிக்கர்!

வந்தவர் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னாராம்: "நம்பர் நெத்தங் கிளெய்ம் நே, அக்கே." நம்பர் இல்லாவிட்டால் கிளெய்ம் இல்லை. கார்டின் தமிழ்ப் பக்கத்திலும் அப்படித்தான் இருந்தது: தொடர் இலக்கம் அழிந்தால் வாரண்டி செல்லாது. அதுதான் அந்தப் பக்கத்தின் கடைசி வரி.

"நான் முழுசா வாசிச்சேன் தங்கச்சி. ரெண்டு தரம்" என்றார் அக்கா. தேர்வில் தோற்ற பிள்ளை மாதிரி.

என் வேலையே இதுதான். மருத்துவமனைகளுக்கு ஸ்கேன் மெஷின் வாங்கும்போது நிபந்தனைகளை வரி வரியாகச் சரிபார்ப்பது. கார்டை வாங்கி ஆங்கிலப் பக்கத்தை ஃபோனில் படமெடுத்துப் பெரிதாக்கினேன். அரிசி மணியைவிடச் சின்ன எழுத்து. வழக்கம்போல் ஒரு தாளில் எண் போட்டுக் குறித்துக்கொண்டே போனேன்.

குறிக்கக் குறிக்க எனக்குச் சிலிர்த்தது... மிகையாகச் சொல்லவில்லை.

எல்லாம் விலக்குகள், இவற்றால் பழுதானால் வாரண்டி இல்லை: எறும்பு, கரப்பான், பல்லி, எலி. கடற்காற்றுத் துரு. இடி. ஒரே பிளக்கில் இரண்டு மெஷின். ஃபிரிட்ஜைப் படுக்கவைத்து லொறியில் ஏற்றுதல். ஐஸைக் கத்தியால் குத்திப் பெயர்த்தல் — இது எங்கள் வீட்டில் நடந்தது! யாரோ ஒருவர், எந்த நாட்டிலோ ஒரு மேசையில் உட்கார்ந்து, நம் சமையலறைகளை ஒன்றுவிடாமல் கற்பனை செய்திருக்கிறார். நம்மைப் பார்க்காமலே நம்மைத் தெரிந்துவைத்திருக்கிறார். இவ்வளவு காலமும் இதைப் பொறி என்றுதான் நினைத்தேன். பொறிதான், மறுக்கவில்லை. ஆனால் என்ன ஒரு கவனம்!

பதினாலாவது எண்ணில் என் பேனா நின்றது. தொடர் இலக்கம் அழிந்தால் வாரண்டி செல்லாது. அது தெரிந்ததுதான். ஆனால் ஆங்கிலத்தில் அதற்கு அடுத்து இன்னொரு வரி இருந்தது. 'வழமையான சுத்தப்படுத்தலால் அழிந்திருந்தால், கம்பிரசர் தகட்டிலுள்ள இலக்கத்தை விற்பனைப் பதிவோடு ஒப்பிட்டு ஏற்றுக்கொள்ளலாம்.'

வழமையான சுத்தப்படுத்தல். நாரும் கையுமாக நிற்கும் கலா அக்காவையும் அந்த மனிதர் நினைத்துப் பார்த்திருக்கிறார்! தமிழ்ப் பக்கத்தை அச்சடித்தவர்தான் இடம் போதாமல் அக்காவை விட்டுவிட்டார். அக்கா முழுசாகத்தான் வாசித்திருக்கிறார். அவருக்குக் கொடுத்ததே பாதி.

உடனே வாரண்டிக்காரர்களுக்குக் கோல் எடுத்தோம். திங்கட்கிழமை ஆள் வருவார் என்றார்கள்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் எங்கள் வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து வாசித்தேன். கையெழுத்துப் போட்ட நாளுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை... வேலையில் வரி வரியாகப் படிக்கிறவள்! எட்டாம் பக்கத்தில், நகைகள் பூட்டிய பெட்டகத்தில் இருந்தால் மட்டுமே இழப்பீடு என்றிருந்தது.

"அம்மா, உங்கட சங்கிலி எங்கை?"

"அரிசி வாளிக்கை."

"வாளிக்குப் பூட்டு இருக்கோ?"

"மூடி இருக்குத்தானே?"

எல்லாவற்றையும் கற்பனை செய்தவர்கூட அரிசி வாளியை நினைக்கவில்லை. அல்லது நினைத்துத்தான் அப்படி எழுதினாரோ?

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். அதே டெக்னீஷியன். பதினாலாவது நிபந்தனையைக் காட்டினேன். இரண்டு தரம் வாசித்தார். பன்னிரண்டு வருடமாக இந்த வேலை செய்கிறேன், இந்த வரி வரைக்கும் யாரும் வந்ததில்லை என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, பின்மூடியைக் கழற்றினார். கம்பிரசர் தகடு முழுக்கத் தூசி. பையிலிருந்து துணியை எடுத்தார்.

"ஐயோ அய்யே, தேய்க்காதீங்க!"

கலா அக்கா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. கடைசியில் தூசியை வாயால் ஊதினோம். மூன்று பேரும் குனிந்து, ஒரு பிறந்தநாள் கேக்கை ஊதுவதுபோல. இலக்கம் இருந்தது. படமெடுத்து அலுவலகத்துக்கு அனுப்பினார். பதில் வருவதற்குள் ஊற்றிய பிளேன் டீ ஆறிப்போனது. பிறகு அவருடைய ஃபோன் அடித்தது. "ஹரி... ஹரி" என்றார். சிங்களத்தில் சரி என்று சொன்னால் இவ்வளவு இனிமையாக இருக்குமா?

புதன்கிழமை புதுக் கம்பிரசர் வந்தது. கூலியும் உள்ளே நிரப்பும் வாயுவும் வாரண்டியில் இல்லை. அது ஒன்பதாவது எண், இந்த முறை அக்காவுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. வியாழன் மாலை, ஃபிரிட்ஜ் நன்றாகக் குளிர்ந்ததை உறுதிசெய்துகொண்டு, மருந்தை எடுக்க நானாவிடம் போனோம். தர்ஷினிதான் டப்பாவை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"பாத்துக்கோ மகள், ஒன்னும் கொறயல்ல. யோகட் கேட்டு வந்த ஆளுக்கிட்ட இருந்தெல்லாம் காப்பாத்தி வச்சீக்குது" என்றார் நானா.

அப்போதுதான் மூடியிலிருந்த அட்டையை வாசித்தேன். காலையில் கடை திறக்கும் மச்சானுக்கு நானா எழுதியது.

'இது மேல் வீட்டுப் புள்ளட மருந்து. விக்கிறதுக்கு இல்ல. மேல் தட்டில வைக்காத, ஐஸ் புடிக்கும். கரண்ட் போனா எந்த நேரமும் எனக்கு கோல் எடு.'

பெரிய பெரிய எழுத்து. விலக்கு என்று ஒரு வரிகூட இல்லை.