விமலா மேடத்தின் டேபிள் ஃபேன்

விமலா மேடம் காலமான செய்தி என் மனைவி சாந்தாமணியின் கைப்பேசிக்குத்தான் வந்தது. கணபதியில் எங்கள் பட்டறையில் நான் ஒரு மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் வந்து வாசலில் நின்று, "ஏனுங்க, மேடம் போயிட்டாங்களாமுங்க" என்றாள். இந்த நினைவு மலரைப் படிக்கும் உங்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன்: எனக்கு முதலில் துக்கம் வரவில்லை. இனி இவள் மனதில் இருப்பதை என்னிடம்தானே சொல்லியாக வேண்டும் என்ற நினைப்புதான் வந்தது. நான்கு வருடப் பொறாமை அந்தச் சாவுக்குக்கூட மரியாதை கொடுக்கவில்லை.

உங்களில் பலர் மேடத்தை அந்த ஆலோசனை அறைக்குள் உட்கார்ந்து அறிந்தவர்கள். நான் வெளியே உட்கார்ந்து அறிந்தவன். சாயிபாபா காலனியில் தையல் கடைக்கு மேலே, மாடிப்படி முடியும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருக்குமே, அது தேய்ந்ததில் பாதி என் கணக்கு.

ஏழு வருடத்துக்கு முன்பு சாந்தாமணி வால்பாறையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது கொண்டை ஊசி வளைவில் பஸ் கவிழ்ந்தது. பக்கத்து சீட்டில் இருந்த அவள் அக்கா அங்கேயே இறந்துபோனார். இவளுக்குக் கை எலும்பு முறிந்தது, இரண்டு மாதத்தில் கூடிவிட்டது. ஆனால் அதன்பிறகு சத்தி ரோட்டில் பஸ் நின்று ஏர் பிரேக் 'புஸ்' என்றால் போதும், காதைப் பொத்திக்கொண்டு இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவாள். கயிறு மந்திரித்துக் கட்டினோம். டாக்டர் கொடுத்த மாத்திரையில் தூங்கினாள். எழுந்தால் பயமும் கூடவே எழுந்தது. ஓர் ஆலோசகர் எங்கள் இருவரையும் சேர்த்து உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினார். நல்ல மனுஷன், பொறுமையாகக் கேட்டார் என்று படியிறங்கும்போது பாராட்டினேன். "நான் ஒரு வார்த்தையும் பேசலீங்களே" என்றாள் சாந்தாமணி.

விமலா மேடத்திடமும் அப்படித்தான் முதல் நாள் அவள் பின்னாலேயே நுழைந்தேன். மேடம் கதவருகே வந்து நின்று, "நீங்க வெளிய உக்காருங்க. அவங்க கூப்புடச் சொன்னாக் கூப்புடறேனுங்க" என்றார். அந்த அழைப்பு கடைசி வரை வரவில்லை. அன்று திரும்பும் வழியில் சாந்தாமணி தானாக இளநீர் கேட்டாள். தானாக ஒன்றைக் கேட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். "உள்ள என்ன பேசுனே?" என்று கேட்டேன். "சும்மாங்க" என்றாள். இருபத்துநான்கு வருடம் குடும்பம் நடத்திய எனக்குச் 'சும்மா', நேற்று அறிமுகமான அம்மாவுக்கு மனசு.

மேட்டுப்பாளையத்து மச்சான் தோட்டத்திலிருந்து ஒரு தார் நேந்திரன் கொண்டுபோனேன். மேடம் கைகூப்பித் திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கள் பக்கத்தில் பழத்தைத் திருப்பினால் உறவையே திருப்பிய மாதிரி. அந்தக் கோபத்தில் கேட்டேன்: "ஏனுங்க மேடம், அவ அப்படி என்னதானுங்க சொல்றா?"

"அவங்களுக்குத் தோணுச்சுன்னா உங்ககிட்டச் சொல்லுவாங்க. தோணலீன்னா விட்டுப்போடுங்க. உங்ககிட்டச் சொல்லாததெல்லாம் உங்களப் பத்தின புகாருன்னு நெனைக்காதீங்க."

நான் விடவில்லை. கதவுக்கு வெளியே, என் நாற்காலிக்கு எதிரில், ஒரு பழைய டேபிள் ஃபேன் எப்போதும் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே பேசுவது ஒன்றும் கேட்காது. அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்துபோன சத்தம் அது. எங்கள் தொழிலில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். ஒரு நாள் மேடம் சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்துச் சீக்கிரமே போய், பையில் கொண்டுபோன புதுப் புஷ்ஷைப் போட்டு, எண்ணெய் விட்டுவிட்டேன். உதவி செய்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஃபேன் பூனை மாதிரி ஓடியது.

சாந்தாமணி உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் அவள் குரல் தெளிவாகக் கேட்டது.

"அவருகிட்டச் சொன்னா உடனே ரிப்பேரு பண்ண வந்துருவாருங்க மேடம். சும்மா உக்காந்து கேக்க அவருக்குத் தெரியாதுங்க."

கையில் ஸ்குரூடிரைவரோடு உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தது. மேடம் ஃபேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார்.

"உங்க வேலையாங்க?"

"ஆமாங்க மேடம். புஷ் தேஞ்சிருந்துச்சு."

"நல்லாப் பண்ணியிருக்கீங்க. ஆனா அந்தச் சத்தத்துக்காகத்தானுங்க அதைய இங்க வெச்சிருந்தேன். பழையபடி கெடுத்துக் குடுத்துருங்க."

திட்டியிருந்தால் தேவலை. பழைய புஷ் சட்டைப் பையில்தான் இருந்தது. நல்லதை எடுத்துவிட்டுக் கெட்டதைப் பொருத்தியது என் தொழிலில் அது ஒரு தடவைதான். காதில் விழுந்ததைச் சாந்தாமணியிடம் சொல்லவில்லை. அன்று இளநீர்க் கடையில் நான் எதுவும் கேட்கவும் இல்லை.

துக்க வீட்டில் உங்களையெல்லாம் பார்த்தேன். கோயமுத்தூரில் எந்தச் சாவு வீட்டிலும் உட்கார்ந்த உடனே "எந்த ஊருங்க, ஆரு வழிங்க?" என்று கேட்பார்கள். அங்கே ஒருவரும் கேட்கவில்லை. யார் எதற்காக மேடத்திடம் வந்தோம் என்று யாரும் யாரையும் கேட்காமல் அத்தனை பேர் அழுதோம். எனக்கு அங்கேயும் பொறாமைதான். இத்தனை பேர் சொல்ல, ஒரே ஆள் எப்படி வாங்கிக்கொண்டார்?

நோய் முற்றியது தெரிந்து, மேடம் நான்கு மாதத்துக்கு முன்பே சாந்தாமணியிடம் சொல்லி, பல்லடத்தில் வேறோர் ஆலோசகரின் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறார். அதையும் இவள் மேடம் போன பிறகுதான் என்னிடம் சொன்னாள். "மறுபடியும் முதல்ல இருந்து ஆருகிட்டச் சொல்றதுங்க?" என்று அந்தத் தாளை அலமாரியில் போட்டுவிட்டாள்.

மேடம் இறந்த மூன்றாவது வாரம் வாசலில் பஸ் நின்றது. 'புஸ்' என்றது. சாந்தாமணி சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளே வாயைத் திறந்தாள். "அக்கா என் கையப் புடிச்சிருந்தாளுங்க..."

நான்கு வருடம் காத்திருந்த பேச்சு. நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஊடு மாத்திப்போடலாம் சாந்தாமணி. பஸ்ஸே வராத பக்கமாப் பாத்துப்போடறேன்" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அலமாரியிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் பல்லடத்துக்கு நான்தான் போன் செய்தேன். சாந்தாமணி சம்மதிக்க இன்னும் இரண்டு வாரம் ஆனது. இப்போது வாராவாரம் போகிறோம். அங்கே கதவு வெறும் பிளைவுட். பேச்சு அப்படியே வெளியே வரும். மேடத்தின் தம்பியிடம் அந்த டேபிள் ஃபேனைக் கேட்டு வாங்கி, அந்த ஆலோசகரிடம் சொல்லிவிட்டுக் கதவோரம் வைத்திருக்கிறேன். மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். பொறாமையும் இருக்கிறது, அது என்னுடையது.

போன வாரம் பக்கத்து நாற்காலியில் ஒருவர். அவர் மனைவி உள்ளே போயிருந்தார்; சாந்தாமணியின் முறை அடுத்தது. அந்த மனிதர் கதவுப் பக்கம் காதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"ஏனுங்க, இந்த ஃபேன் இப்படிக் கத்துதே, சரி பண்ணக்கூடாதுங்களா?"

"அதுக்கு ஆளு கெடைக்கலீங்க" என்றேன்.