செல்லாத இடத்தில் ஒட்டிய தபால்தலை

1. என் வேலை அனுமதியைப் புதுப்பிக்க, சிதம்பரத்தில் நான் படித்த கல்லூரியிலிருந்து மதிப்பெண் சான்று நேராக வரவேண்டும் என்றது இந்த ஜெர்மன் ஊரின் அலுவலகம்.
2. முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறை வேண்டும் என்றது கல்லூரி.
3. அலுவலக முகவரி எழுதி, இங்கேயே தபால்தலை ஒட்டி, உறையைக் கடலூரில் இருக்கும் மாமாவுக்கு அனுப்பினேன்.
4. அங்கேதான் தப்பு நடந்தது.

இங்கே விண்ணப்பங்களில் அடிக்கடி வரும் சொல், ஃப்ராங்கியர்ட். அஞ்சல் கட்டணம் முன்பே கட்டியாயிற்று, பெறுகிறவர் எதுவும் தரவேண்டாம் என்று பொருள். கடலூரில் எங்கள் வீட்டுக்குத் தபால்தலை இல்லாமலே கல்யாணப் பத்திரிகைகள் வரும். தபால்காரர் இரட்டிப்பாகக் கேட்பார். "அவுங்க கூப்புடுறதுக்கும் நாமதான் குடுக்கணுமா?" என்று முணுமுணுத்தபடி அம்மா கொடுப்பார். அதனாலேயே யாருக்கும் பாரம் வைக்காத இந்தச் சொல் எனக்குப் பிடித்துப்போனது.

"இது ஃப்ராங்கியர்ட்தானே?" என்று இங்குள்ள அஞ்சலகத்தில் உறையைக் காட்டிக் கேட்டேன். "ஆமாம், சரியாக இருக்கிறது" என்றார் கவுண்டரில் இருந்த பெண். எங்கிருந்து அனுப்புவீர்கள் என்று அவர் கேட்கவில்லை. இந்தியாவிலிருந்து என்று சொல்ல, பொறியியல் படித்த எனக்கும் தோன்றவில்லை.

கல்லூரியில் சான்றை உள்ளே வைத்து, ஒட்டி, பின்பக்கம் முத்திரை குத்தி, தபாலில் சேர்க்கச் சொல்லி மாமாவிடம் கொடுத்துவிட்டார்கள். சிதம்பரம் அஞ்சலகத்திலிருந்து அவர் அழைத்தார்.

"என்னாம்மா, இந்த ஸ்டாம்பு இங்க செல்லாதாம். இதுக்கு சாமி படம் ஒட்டியிருக்கலாம்னு கவுண்டர்ல அந்தப் பொண்ணு சிரிக்குது."

"நம்மூர் ஸ்டாம்ப ஒட்டிடுங்க மாமா."

"எடம் எங்க விட்ட? ஜாஸ்தியா ஒட்டி வச்சிருக்க. வுடு, நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். உறையைப் பெரிய உறைக்குள் போட்டு, உள்ளுறையில் அலுவலக முகவரி இருந்தும், வெளியே தனக்குப் பழகிய ஒரே ஜெர்மன் முகவரியை எழுதினார். என் வீட்டு முகவரி.

பிரிக்காத சான்று என் மேசைக்கு வந்து சேர்ந்தது. நானே கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கமாட்டார்கள். ஆனால் சிதம்பரத்தில் செல்லாத தபால்தலை இங்கே செல்லும். தெருமுனை மஞ்சள் தபால்பெட்டியில் போட்டால் போய்ச் சேர்ந்துவிடும். அதை நேராக வந்தது என்று சொல்ல முடியுமா?

"போட்டுடும்மா. உள்ள இருக்கறது பொய்யா?" என்றார் மாமா.

பொய் இல்லை. இருந்தும் கை போகவில்லை. நடந்ததை அலுவலகத்துக்குத் தனிக் கடிதமாக எழுதி, இரண்டையும் ஒன்றாகப் போட்டேன்.

இப்போது அந்த உறையின் பின்பக்கம் சிதம்பரத்து முத்திரை, முன்பக்கம் இந்த ஊர் முத்திரை. எங்கிருந்து வந்தது என்பதை அலுவலகம்தான் முடிவு செய்யவேண்டும். என் அனுமதி இந்த மாதத்தோடு முடிகிறது. பதில் இன்னும் வரவில்லை.