இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

முருகன் படத்துக்கு முன்னால் பூக்கட்டிப் பார்த்தபோது நான் ஏமாற்றினேன். இரண்டு பொட்டலத்திலும் ஒரே நிறப் பூவை வைத்தேன். அதனால் ஒரு பெண் செத்துப்போனாள்.

இதை என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

எதற்காக ஏமாற்றினேன் என்று தெரிந்தால் நீங்கள் சிரிப்பீர்கள். அமெரிக்காக்காரர்கள் ஆடும் ஒரு பந்தாட்டம். அதில் எவன் எல்லாரிலும் பெரிய ஆட்டக்காரன் என்ற வழக்கு. அவ்வளவுதான்.

எழுபதுகளில் நானும் மாணிக்கமும் தில்லி சாணக்கியபுரியில், வெளிநாட்டுக்காரர்களின் கிளப் ஒன்றில் வேலை பார்த்தோம். எனக்கு எட்டாம் வகுப்புப் படிப்பு. சமையல்கட்டில் தட்டு கழுவுவேன். அவன் படம் காட்டும் மெஷினை ஓட்டுவான். ஜங்புரா மதராசி கேம்ப்பில், நாலா என்கிற சாக்கடைக் கால்வாயின் கரையில் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த குடிசை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அந்த ஆட்டத்தின் படச் சுருள்களைப் போடுவார்கள். கால்பந்து என்றுதான் பெயர், ஆனால் முட்டை மாதிரியான பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள். தலைக்குக் கவசம், முகத்துக்குக் கம்பி. ஒருவன் முகமும் தெரியாது.

திரைக்குப் பின்னால் சமையல்கட்டு ஜன்னல். நான் அங்கே நின்று பார்ப்பேன். மெல்லிய துணி என்பதால் பின்பக்கமும் படம் விழும். ஆனால் இடது வலதாகத் தெரியும், வலது இடதாகத் தெரியும். அவர்கள் முதுகில் இருந்த எண்களை ஒருநாளும் என்னால் நேராக வாசிக்க முடிந்ததில்லை.

அவர்களின் பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. ஓட்டக்காரன், வீச்சுக்காரன் என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். என் ஆள் ஓட்டக்காரன்.

"ஆறு பேரு மேல தொங்குறானுங்க, அப்பவும் நடக்கிறான். அவன்தான்டா ஆளு" என்பேன்.

"எருமைகூடத்தான் நடக்கும்" என்பான் மாணிக்கம். "வீச்சுக்காரனைப் பாரு. நாலு தடியன் கொல்ல வர்றான். கண்ணு அசையாது. அந்தக் கோடியில ஓடுறவன் கையில கொண்டுபோய் வெக்கிறான் பந்தை. அவன் இல்லேன்னா உன் எருமை எங்க ஓடும்?"

"ஒருத்தன் தொட்டாப் போதும், உன் ஆளு படுத்துக்குவான்."

"நீ திரைக்குப் பின்னாடி நின்னு பாக்கிறவன். உனக்கு வலது இடதே தெரியாது. வந்துட்டான் நியாயம் சொல்ல."

சமையல்கட்டே சிரிக்கும். டிரைவர் சர்தார்ஜி, "அரே மதராசி, ஃபைசலா தோ கரோ" என்பார். ஒரு முடிவுக்கு வாங்கப்பா என்று. மூன்று வருஷம் இதே பேச்சு. மூன்று வருஷமும் நான்தான் தோற்றேன். அவனுக்கு நாக்கு உண்டு, எனக்கு இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை மாணிக்கத்தின் மனைவி பவுனு சொன்னாள். "சாமிகிட்டயே கேட்டுடுங்க. தெனமும் இந்தக் கச்சேரிய என்னால கேக்க முடியல."

எங்கள் ஊர்ப் பக்கம் பெண் எடுக்க, கிணறு வெட்ட, எதற்கும் பூக்கட்டித்தான் பார்ப்போம். ஒரு காரியத்துக்கு வெள்ளைப் பூ, மற்றதற்குச் சிவப்பு. ஒரே மாதிரி காகிதத்தில் மடித்து நூல் சுற்றிப் படத்துக்கு முன்னால் போட வேண்டும். ஒருவர் கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வந்த பூ சாமியின் வாக்கு. எடுக்காத பொட்டலத்தை ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

சஷ்டி விரதம் தவறாதவன் நான். அதனால் கட்டும் வேலை என்னிடம் வந்தது. ஓட்டக்காரனுக்கு வெள்ளை, வீச்சுக்காரனுக்குச் சிவப்பு.

குளித்தேன், திருநீறு பூசினேன். நந்தியாவட்டையில் ஒரு பூப் பறித்தேன். அடுத்தது செவ்வரளிதான். கை அதுவரை போனது... திரும்பி வந்து இன்னொரு நந்தியாவட்டையைப் பறித்தது.

பவுனு சிரித்துக்கொண்டே எடுத்தாள். வெள்ளை.

மாணிக்கம் சண்டை போடுவான் என்று நினைத்தேன். அவன் கைகூப்பினான். கோயில் பக்கமே போகாதவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை சமையல்கட்டில் எல்லார் முன்னாலும், "என் ஆளு ரெண்டாவதுதான், சாமி சொல்லிடுச்சு" என்றான். அதன் பிறகு வீச்சுக்காரனைப் பற்றி அவன் வாய் திறக்கவேயில்லை.

அன்று படம் ஓடும்போது சுருள் ஒரு கணம் சிக்கி நின்றது. ஓட்டக்காரன் விழுந்து எழுந்து, திரும்பியிருந்தான். எல்லாரும் முன்பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். அவன் பின்பக்கம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். கம்பிக்குள் முகம் இல்லை, இருட்டுத்தான் இருந்தது. மெஷின் சிக்கினால் படம் நிற்கும், எனக்கும் தெரியும். ஆனாலும் கையிலிருந்த தட்டு நழுவியது.

இரண்டு வருஷம் கழித்துப் பவுனுக்கு வயிற்றில் கட்டி வந்தது. உடனே அறுத்து எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். அவளுக்குக் கத்தி என்றாலே நடுக்கம். மாணிக்கம் என்னிடம் வந்தான்.

"ஒரு வெளையாட்டுக்கே பதில் சொன்ன சாமி, என் பொண்டாட்டிக்குச் சொல்லாதா? நீயே கட்டு. உன் கை சுத்தமான கை."

அப்போதே சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. இந்த முறையாவது உண்மையாகக் கட்டுவோம் என்று நினைத்தேன்.

அறுக்கலாம் என்றால் சிவப்பு, வேண்டாம் என்றால் வெள்ளை. ஒரு நந்தியாவட்டை, ஒரு செவ்வரளி. பறித்தேன், மடித்தேன், கட்டினேன். சத்தியம் செய்யச் சொன்னால் என் பிள்ளைகள் தலையில் கை வைத்துச் சொல்வேன்.

பவுனு எடுத்தாள். வெள்ளை. பயம் தீர்ந்து அழுதாள். மாணிக்கம் என்னைக் கட்டிக்கொண்டான்.

மற்ற பொட்டலத்தைத் தண்ணீரில் விடுவதற்கு நாலாவுக்குப் போனேன். கரையில் நூல் தானாக அவிழ்ந்தது. உள்ளே வெள்ளைப் பூ.

அரளிச் செடிக்கு ஓடினேன். நான் கிள்ளிய காம்பில் பால் இன்னும் ஈரமாக வடிந்துகொண்டிருந்தது. பறித்தது உண்மை. அந்தச் சிவப்புப் பூ பூஜைத் தட்டிலும் இல்லை, தரையிலும் இல்லை, என் வேட்டி மடிப்பிலும் இல்லை.

சாமி செய்ததா? பொய்க்குப் பழகிய என் கை, எனக்கே தெரியாமல் செய்ததா? இதை எத்தனை வருஷமாகக் கேட்கிறேன்...

ஆனால் நான் செய்த பாவம் அதுவல்ல. மாணிக்கத்தின் வாசல் இருபது அடி தூரத்தில் இருந்தது. "இது செல்லாது, ரெண்டும் வெள்ளை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருப்பான். கூடவே, "அப்ப அன்னிக்கு?" என்று கேட்டிருப்பான். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தேன். பூவைக் கறுப்புத் தண்ணீரில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். பசித்தது. அதையும் மறைக்க விரும்பவில்லை.

பவுனு ஐந்து மாதம் இருந்தாள். கடைசியில் பாய்க்கு மேலே அவள் இருப்பதே தெரியாத அளவுக்கு இளைத்துவிட்டாள். ஒரு நாள் சாயங்காலம் கஞ்சி கொடுக்கப் போனேன். மாணிக்கம் வேலையிலிருந்து வரவில்லை.

"அண்ணே, நான் எடுக்காத பொட்டலத்துல என்ன பூ இருந்துச்சு?"

"சிவப்புதான்மா" என்றேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "ரெண்டு தடவ எடுத்திருக்கேன். எந்தத் தடவன்னு நீங்க கேக்கலியே."

கண்ணை மூடிக்கொண்டாள். கஞ்சி ஆறியது. அடுத்த செவ்வாய்க்கிழமை போய்விட்டாள்.

மாணிக்கத்திடம் அவள் ஏதாவது சொன்னாளா? தெரியாது. அவன் முகத்தைப் பார்த்து இதுவரை எனக்கு விளங்கவில்லை. அறுத்திருந்தால் அன்றைக்கே போயிருப்பாள், சாமி ஐந்து மாதம் கொடுத்தது என்று ஊரெல்லாம் சொல்கிறான். என் கை ராசியான கை என்று சொல்லி ஆட்களை அனுப்புகிறான். வெள்ளிக்கிழமை தவறாமல் யாராவது வருகிறார்கள். முடியாது என்று சொல்லக் காரணம் வேண்டும். எனக்கிருப்பது ஒரே காரணம். அதை அவர்களிடம் சொல்ல முடியவில்லை.

அதனால் கட்டுகிறேன். ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. இரண்டு முறை பார்த்து, மூன்றாம் முறையும் பார்த்துத்தான் கட்டுகிறேன். எடுக்காத பொட்டலத்தை நான் பிரிப்பதில்லை. தூக்கிப்போட்டுவிட்டு, அது மிதக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் வந்துவிடுகிறேன்.

இன்று வந்திருப்பவள் மூன்றாவது வரிசைக் குடிசைப் பெண். இடுப்பில் காய்ச்சல் குழந்தை. வாசலில் செருப்பைக் கழற்றுகிறாள். "அண்ணே, இருக்கீங்களா?"

இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.