நெஞ்சுவலிக்கும் கண்மூடி உட்கார்ந்த ஏழுமலை

ஏழுமலை போய்விட்டார் என்று வெள்ளிமலை ஜீப் ஸ்டாண்டிலிருந்து போன் வந்தபோது கடையில் நல்ல கூட்டம். "இன்னாய்யா ஒளர்ற? காத்தால எங்கூட ஒக்காந்துக்கினு இருந்தாரு" என்று கத்தினேன். ஜீப்பில் மலையேறி ஆட்களை இறக்கிவிட்டு, ஸ்டியரிங்கில் தலை சாய்த்தவர்தானாம். மாரடைப்பு. என் வயதுதான், ஐம்பத்திரண்டு.

வடக்கனந்தலில் அவர் வீட்டு வாசலில் கூடிய நீங்கள் ஆளாளுக்கு, "தியானம் பண்ண மனுசன், நோகாம பூட்டாரு" என்றீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் நோகாமல் போகவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்கிறேன்.

கள்ளக்குறிச்சியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். என் கோபம் கடைத்தெருவுக்கே தெரியும். டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்ட ஒருவர்மேல் நான் எரிந்து விழுந்த அன்று, தைலம் வாங்க வந்த ஏழுமலை சிரித்தார். "அந்த மாத்திர உங்களுக்குத்தான் சார் வேணும். காத்தால அஞ்சரைக்கு கல்யாண மண்டபத்து மாடிக்கு வாங்க, சும்மா ஒக்காரலாம்" என்றார். அவர் குருவெல்லாம் இல்லை. எங்கோ பத்து நாள் போய்த் தியானம் கற்றுவந்த ஜீப் டிரைவர்.

முதல் நாள் மனம் நிற்கவே இல்லை. மூச்சை இழுத்துப் பிடித்து அடக்கப் பார்த்தேன், தலை கிறுகிறுத்தது. "மலையில எறங்கறப்ப பிரேக்கயே மிதிச்சிக்கினு இருந்தா சூடாயிடும் சார். ரெண்டாங் கியர்ல வுடுங்க, அதுவா எறங்கும்" என்றார். விட்டேன். அன்று மதியம் வரை கடையில் நான் யாரையும் திட்டவில்லை.

அரை மணி நேரம் அசையக் கூடாது, கண் திறக்கக் கூடாது, பேசக் கூடாது என்பது அவர் சட்டம். "கால் வலிச்சா எடுக்காதீங்க. வலி வரும், பூடும். பாத்துக்கினே இருங்க" என்பார். முழங்காலுக்கு அது சரி. அதையே அந்த மனிதர் நெஞ்சுக்கும் வைத்துக்கொண்டாரே, என்ன புத்தி அது? எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவர் போன அன்று காலை, மணி பார்க்க ஒரு கண்ணைத் திறந்தேன். புதிதாக உட்காருகிறவன் செய்கிற திருட்டுத்தனம். எதிரே ஏழுமலை இடது நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். மார்கழிக் குளிரிலும் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. இதே கோலத்தில் ஒருவர் கடைக்கு வந்திருந்தால், திட்டியாவது ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன். வாழ்நாளெல்லாம் வாய் ஓயாதவன், அன்றைக்குப் பார்த்து ஒழுங்காகச் சட்டத்தை மதித்துக் கண்ணை மூடிக்கொண்டேன். நேரம் முடிந்து, மரத்துப்போன காலை நான் நீட்டுவதற்குள், டிரிப்புக்கு நேரமாகிவிட்டதென்று அவர் படியிறங்கிவிட்டார்.

இப்போதும் போய் உட்காருகிறேன். அவர் கற்றுக் கொடுத்த மூச்சு என்னிடம் இருக்கிறது, அதை விட மாட்டேன். ஆனால் கண்களைத் திறந்தே வைத்திருக்கிறேன். யார் முகம் சுளித்தாலும், "இன்னாங்க, எங்க வலிக்குது?" என்று சத்தமாகக் கேட்டுவிடுகிறேன். முறைக்கிறார்கள். முறைக்கட்டும்.

காரியத்தன்று அவர் மனைவி என்னிடம் வந்து, "அண்ணா, அன்னிக்கு அவரு நல்லாத்தான இருந்தாரு?" என்று கேட்டார். நல்லாத்தான் இருந்தார் என்றேன்.

இல்லை, தங்கச்சி. நான் பார்த்தேன்.